பிரான்சுப் பள்ளியில் ஏழு மாதத் துணையாசிரியர் பணியும் வார இறுதிப் பயணங்களும்: கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் பிறந்து, கோவையில் ஆங்கில இலக்கியமும் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சும் படித்தவள் நான். முதுகலை முதலாண்டு முடிந்ததும் ஓராண்டு இடைவெளி பெற்று, பிரான்சின் கிழக்கு ஓரத்தில் உள்ள பெல்ஃபோர் என்னும் ஊரின் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஆங்கிலத் துணையாசிரியராக இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். வாரத்துக்கு 12 மணி நேரம்தான் வகுப்பு என்பதால் சனி, ஞாயிறுகளில் ஐரோப்பாவைச் சுற்றிவிடலாம் என்ற எண்ணத்தோடு போன நான், ஒரு தாள் குறைந்ததால் இன்னொரு தாள் கிடைக்காமல், டிசம்பர் நடுப்பகுதி வரை ஊரைவிட்டு எங்கும் நகர முடியாமல் இருந்தேன். அடுத்து போகிறவர்களுக்கு அந்த இரண்டரை மாதமாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. மொழித் தகுதியை முன்கூட்டியே முடியுங்கள்

இந்தத் திட்டத்தைப் பிரெஞ்சு அரசின் சார்பில் நடத்துவது பிரான்ஸ் எடுகாசியோன் இன்டர்நாசியோனால் என்னும் அமைப்பு. இந்தியர்களுக்கான அறிவிக்கை இந்தியாவிலுள்ள பிரெஞ்சுப் பண்பாட்டு நிறுவனத்தின் வழியாக வருகிறது. அக்டோபரில் வேலையில் சேர வேண்டுமானால் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். வயது வரம்பு, கல்வித் தகுதி ஆகியவற்றை அந்தந்த ஆண்டின் அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சில் பி1 நிலை, அதாவது அன்றாடப் பேச்சைச் சமாளிக்கும் இடைநிலைத் தகுதி, இருப்பது நல்லது. கல்லூரியில் பகுதி ஒன்றில் பிரெஞ்சு எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியதையே போதும் என்று நம்பிவிடாதீர்கள். அந்த மதிப்பெண் இலக்கணத்துக்குக் கிடைத்தது, அங்கே வங்கி ஊழியர் தொலைபேசியில் பேசுவதைப் புரிந்துகொள்ள அது உதவாது. டெல்ஃப் என்னும் பிரெஞ்சு மொழித் தகுதித் தேர்வைச் சென்னையில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸ் என்னும் பிரெஞ்சு மொழி மையத்தில் எழுதலாம். அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது என்பதால் இளங்கலை இரண்டாம் ஆண்டிலேயே எழுதி வைத்துவிடலாம். படிப்பின் நடுவில் போகிறவர்கள் கல்லூரியிடம் இடைவெளிக்கான அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

2. உங்கள் பெயரைச் சரிசெய்யுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பிரெஞ்சு நிர்வாகத்துக்கோ குடும்பப் பெயர் இல்லாத மனிதர் என்ற ஒன்றே விளங்குவதில்லை. உங்கள் பெயர் கோகிலா, தந்தை பெயர் பழனிசாமி என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் “கோகிலா ப” என்றும், ஆதாரில் “கோகிலா பழனிசாமி” என்றும், பாஸ்போர்ட்டில் இரண்டு சொற்களும் இயற்பெயர்க் கட்டத்திலேயே அடங்கி, குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாகவும் இருக்கும். ஊரில் இதனால் எந்தத் தொல்லையும் வராது. அங்கே எனக்குச் சம்பளம் வழங்கும் அலுவலகத்தில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர், மருத்துவக் காப்பீட்டில் வேறொரு பெயர் என்று மூன்று மனிதர்கள் உருவானார்கள். மூவரும் ஒருவரே என்று நிறுவுவதற்கு ஆறு வாரங்கள் ஆயின.

எனவே, விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பே பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால், தந்தை பெயரை அந்தக் கட்டத்தில் பிரித்து எழுதி மறுவழங்கலுக்கு விண்ணப்பியுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய். தட்கலில் மேற்கொண்டு 2,000 ரூபாய். புதிய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல், விண்ணப்பம், விமானச் சீட்டு, வீட்டு ஒப்பந்தம் எல்லாவற்றிலும் எழுதுங்கள். நியமன ஆணை வந்த பிறகு பாஸ்போர்ட்டை மாற்றினால் ஆணையில் ஒரு பெயரும் விசாவில் ஒரு பெயருமாகி, இருந்ததைவிடப் பெரிய சிக்கலாகிவிடும்.

3. பிறப்புச் சான்றிதழும் அப்போஸ்டிலும்

பிரான்சில் மருத்துவக் காப்பீட்டு எண் பெறுவதற்குப் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் வேண்டும். நம் பக்கத்தில் பலருடைய சான்றிதழில் “ஆண் குழந்தை”, “பெண் குழந்தை” என்று மட்டுமே இருக்கும். பெயர் இருக்கும் இடம் வெறும் கோடாக இருக்கும். பிறந்த மருத்துவமனை எந்த நகராட்சி அல்லது பேரூராட்சியின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கே போய்ப் பெயர் சேர்க்க வேண்டும். இப்போது குடியிருக்கும் ஊரில் செய்ய முடியாது. தலைப்பிரசவத்துக்கு அம்மா பிறந்த வீட்டுக்குப் போவது நம் வழக்கம் ஆதலால், பலருக்கு அந்த அலுவலகம் அம்மாயி ஊரில்தான் இருக்கும். எனக்கு அது சத்தியமங்கலத்தில் இருந்தது. மூன்று முறை போய்வந்தேன்.

பெயர் சேர்ந்த சான்றிதழுக்கும் பட்டச் சான்றிதழுக்கும் அப்போஸ்டில் முத்திரை, அதாவது தாள் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதிசொல்லும் முத்திரை, வாங்குங்கள். முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை என்று இது இரண்டு கட்டமாக நடக்கும். அமைச்சகத்தின் கட்டணம் ஒரு தாளுக்கு 50 ரூபாய்தான். அதன்மேல் அமைச்சகம் அங்கீகரித்த சேவை மையத்தின் சிறு கட்டணம் உண்டு. ஒரு தாளுக்கே பல ஆயிரம் கேட்கும் தரகர்கள் காந்திபுரத்திலும் உண்டு, சென்னையிலும் உண்டு. நேரில் அலைய முடியாதவர்கள் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் எதற்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

மொழிபெயர்ப்பில் நான் ஏமாந்தேன். இங்கேயே பணம் கொடுத்துப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து எடுத்துப்போன தாளை, அங்கே நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் செய்ததல்ல என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். ஆகவே சான்றிதழை ஆங்கிலத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, பிரான்சின் மேல்முறையீட்டு நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, நீங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே வேலையை முடித்து வையுங்கள். பக்கத்துக்கு 30 முதல் 50 யூரோ வரை கேட்பார்கள். ஒரு யூரோவைத் தோராயமாக நூறு ரூபாய் என்று கணக்கிட்டுக்கொண்டால் மனத்துக்குள் கூட்டிப்பார்க்க எளிது.

காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழையும் பாஸ்போர்ட் சேவா இணையத்தில் 500 ரூபாய் செலுத்தி வாங்கி வையுங்கள். பள்ளிக் குழந்தைகளோடு பழகும் வேலை என்பதால் எந்த நேரத்திலும் கேட்கலாம்.

4. விசா

பள்ளிக் கல்வி மண்டலத்திலிருந்து நியமன ஆணை கோடையில் வரும். அது வந்ததும் பிரான்ஸ்-விசா இணையத்தில் நீண்டகால விசாவுக்குப் படிவம் நிரப்பி, விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனத்தின் சென்னை மையத்தில் நேரம் பதிவு செய்ய வேண்டும். பயண நாளுக்கு மூன்று மாதங்களுக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. ஜூலை, ஆகஸ்டில் மேற்படிப்புக்குச் செல்லும் மாணவர் கூட்டத்தால் நேரம் கிடைப்பது அரிது. ஆணையின் நகல் கைக்கு வந்த அன்றே பதிவு செய்துவிடுங்கள். கோவையிலிருந்து சேரன், ஈரோட்டிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் சென்னையில் இறங்கி, வேலையை முடித்து அன்றிரவே திரும்பிவிடலாம். ரயில் சீட்டை நேரம் உறுதியான பிறகு வாங்குங்கள்.

விசாக் கட்டணம் 99 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். முதல் மூன்று மாதங்களுக்கான மருத்துவக் காப்பீட்டை இங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அங்குள்ள காப்பீடு நடைமுறைக்கு வரும்வரை உங்களைக் காப்பது அது ஒன்றுதான். விசா ஒட்டப்பட்டு வந்ததும் பெயர், தேதி, விசா வகை மூன்றையும் வாசலிலேயே சரிபாருங்கள்.

5. பணமும் பெட்டியும்

கையில் வரும் சம்பளம் மாதம் சுமார் 800 யூரோ. விடுமுறை வாரங்களிலும் அது குறையாது. என் ஊர் போன்ற சிற்றூரில் அறை வாடகை 300 முதல் 400 யூரோ வரை ஆகும். பாரிஸ் பக்கம் நியமனம் கிடைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முதல் சம்பளம் அக்டோபர் கடைசியில் வர வேண்டும், தாள் ஏதேனும் குறைந்தால் நவம்பர் கடைசியில்தான் வரும். அதனால் முன்பணம், முதல் வாடகை, சாப்பாடு, குளிர் உடுப்பு எல்லாவற்றுக்குமாக 1,800 யூரோவாவது இல்லாமல் விமானம் ஏற வேண்டாம் என்பது என் கருத்து.

கோவையிலிருந்து ஐரோப்பாவுக்கு நேர் விமானம் இல்லை. கொச்சியிலிருந்து வளைகுடா வழியாகப் போவது பெரும்பாலும் மலிவு. பாலக்காடு வழியாக நாலு மணி நேரத்தில் நெடும்பாசேரி போய்விடலாம். பனிக்காலத்துக்கு உள்ளே போடும் தெர்மல் உடுப்புகளைத் திருப்பூர் காதர்பேட்டையில் வாங்குங்கள். மேல் கோட்டை மட்டும் இங்கே வாங்காதீர்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது அந்தக் குளிருக்குத் தாங்காது. எமாயூஸ் போன்ற பழைய பொருள் கடைகளில் நல்ல கோட்டு 15, 20 யூரோவுக்குக் கிடைக்கிறது.

உணவுப் பொருளில் ஓர் எச்சரிக்கை. இறைச்சியும் பாலில் செய்த பொருள்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரத் தடை செய்யப்பட்டவை. “ரெண்டு டப்பா நெய்யி வச்சுடறேன், கண்ணு” என்று அம்மா சொன்னபோது மறுக்க மனம் வராமல் எடுத்துப்போய், விமான நிலையத்தில் அதைப் பறிகொடுத்தேன். பச்சைக் கறிவேப்பிலையும் ஆகாது. கொள்ளு, பருப்புப் பொடி, ஈரோட்டு மஞ்சள் தூள், வறுத்து அரைத்த மசாலா ஆகியவற்றைக் கொண்டுபோவதில் சிக்கல் இருக்கவில்லை. அரிசியும் பருப்பும் அங்கேயே ஆசியக் கடைகளில் கிடைக்கின்றன.

6. முதல் இரண்டு வாரங்கள்

சம்பளம் வர வங்கிக் கணக்கு வேண்டும். வங்கிக் கணக்குக்கு முகவரிச் சான்று வேண்டும். முகவரிச் சான்றுக்கு வீடு வேண்டும். வீட்டுக்காரர் சம்பளச் சீட்டு கேட்பார். இந்த வட்டத்தை உடைக்கும் இடம் பள்ளிதான். போன முதல் நாளே பள்ளி அலுவலகத்தில், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்துக்கு ஒரு தங்குமிடச் சான்று எழுதித் தரும்படி கேளுங்கள்; பள்ளி விடுதியில் அறை இருந்தால் ஒரு மாதத்துக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சான்றை வைத்து வங்கிக் கணக்கு திறந்து, “ரிப்” எனப்படும் கணக்கு விவரத் தாளை வாங்கி, பணியேற்புத் தாளோடு சேர்த்துச் சம்பள அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். “ப்ரோசே வெர்பால்” என்று அவர்கள் சொல்லும் அந்தப் பணியேற்புத் தாளில் முதல் நாளே கையெழுத்திடுங்கள். அது இல்லாமல் சம்பளம் தொடங்காது.

வீட்டுக்குப் பிணை நிற்க ஆள் கேட்பார்கள். 30 வயது வரையுள்ளவர்களுக்கு வீசால் என்னும் இலவசப் பிணைத் திட்டம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இணையத்தில் விண்ணப்பித்து அந்தச் சான்றைப் பெற்றிருக்க வேண்டும். கையெழுத்திட்ட பிறகு பயனில்லை.

விசாவை இணையத்தில் செல்லுபடியாக்குவதற்கு வந்த நாளிலிருந்து மூன்று மாத அவகாசம் உண்டு. அவகாசம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். அதற்கான கட்டணத்தை மின்முத்திரையாக வாங்கிச் செலுத்தியதும் ஓர் உறுதிச் சான்று கிடைக்கும். வீட்டு வாடகை உதவித்தொகை கேட்கும்போதும், ஷெங்கன் பகுதிக்கு (தமக்குள் பொதுவாக எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்கு) வெளியே போய்த் திரும்பும்போதும் அந்தச் சான்றுதான் கைகொடுக்கும். நான் நவம்பர் கடைசி வரை விட்டுவைத்ததால் இலையுதிர் விடுமுறை இரண்டு வாரமும் அறைக்குள்ளேயே கழிந்தது.

7. வகுப்பும் கால அட்டவணையும்

துணையாசிரியரின் வேலை பேச வைப்பது. பாடம் நடத்துவதும் மதிப்பெண் போடுவதும் வகுப்பாசிரியரின் பொறுப்பு. பாதி வகுப்பையோ பத்துப் பேரையோ உங்களிடம் பிரித்து அனுப்புவார்கள். தாஜ்மகாலும் மசாலாவும் பற்றிய படங்களை எல்லா இந்தியரும் கொண்டுபோகிறார்கள். என் முதல் பாடம், மாணவர்களைத் தத்தம் டி-ஷர்ட்டின் கழுத்துச் சீட்டைப் பார்க்கச் சொல்லித் தொடங்கியது. மூன்று பேருடையதில் இந்தியாவின் பெயர் இருந்தது. அங்கிருந்து திருப்பூருக்குப் போய், நூல், சாயம், நொய்யல், கூலி என்று ஒரு மாதத்துக்குப் பேச்சு ஓடியது. உங்கள் ஊரின் தொழிலை எடுத்துக்கொண்டு போங்கள்.

கால அட்டவணை செப்டம்பர் இறுதியில் அமையும். வெள்ளி மதியத்துக்கு மேலோ திங்கள் காலையிலோ வகுப்பு இல்லாதபடி இருந்தால் வார இறுதி நீளும். ஆனால் போனவுடன் அதைக் கேட்காதீர்கள். பொறுப்பு ஆசிரியரைச் சந்தித்து, அவருக்கு எந்த வகுப்புகளில் உதவி தேவை என்று முதலில் கேட்டறிந்து, பிறகு பணிவாக ஒரு முறை சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

8. எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது

உங்கள் விசா பிரான்சுக்கு நீண்டகால விசா; மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை இருக்கலாம். பிரான்சில் இருக்கும் நாள்கள் அந்தக் கணக்கில் சேராது. வார இறுதிகளை மட்டும் கூட்டினால் வரம்பை நெருங்கவே மாட்டீர்கள். ஷெங்கனில் இப்போது 29 நாடுகள் உள்ளன. 2025 ஜனவரி 1 முதல் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாகச் சேர்ந்துவிட்டன. பிரிட்டனும் அயர்லாந்தும் அதில் இல்லை. பாரிசிலிருந்து லண்டனுக்கு ரயில் ஓடுகிறது என்பதற்காக ஏறிவிட முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டும்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய பதிவு முறை வந்திருக்கிறது. அது குறுகிய காலம் வந்துபோகும் பயணிகளுக்கானது, நீண்டகால விசா உள்ளவர்களுக்கானது அன்று. எந்திரத்தின் வரிசைக்கு அனுப்பினால் விசாப் பக்கத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.

எல்லைக் கோடு கண்ணுக்குத் தெரியாது என்பதால் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் வந்துவிடுகிறது. ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. ஸ்திராஸ்பூர் நகர டிராமில் ஏறினால் ரைன் ஆற்றைக் கடந்து கேல் என்னும் ஜெர்மன் ஊரில் இறங்கிவிடலாம், உக்கடத்தில் ஏறிக் குனியமுத்தூரில் இறங்குவதுபோல. அந்தச் சிறு பயணத்துக்கும் பாஸ்போர்ட்டும் செல்லுபடிச் சான்றும் பையில் இருக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்து ஷெங்கனில் உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. பெல்ஃபோரிலிருந்து முலூஸ் போய் ரயில் மாறினால் பாசல் எளிதில் வந்துவிடும். ஆனால் இறங்கியதும் செல்பேசி இணையத்தை அணைத்துவிடுங்கள், ஒன்றியத்துக்குள் கிடைக்கும் கட்டணமில்லா ரோமிங் அங்கே செல்லாது. ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் பிரெஞ்சுக் காப்பீடு இலவசமாகத் தரும். இந்தியக் குடிமக்களுக்கு அது சுவிட்சர்லாந்திலும் டென்மார்க்கிலும் நார்வேயிலும் செல்லாது. அந்த நாடுகளுக்குப் போகும் நாள்களுக்கு மட்டும் தனிப் பயணக் காப்பீடு எடுங்கள்.

குறைந்த செலவில் போக லக்சம்பர்க் நல்லது. 2020 பிப்ரவரி 29 முதல் அந்நாட்டுக்குள் பேருந்து, டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் எல்லாம் இலவசம்; எல்லை வரைக்குமான சீட்டுக்கு மட்டும் செலவு. பாரிஸ் போகிறவர்களுக்கு ஒன்று: ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் 18 முதல் 25 வயது வரையுள்ளவர்களுக்கு லூவர் உட்படத் தேசிய அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம். நீங்கள் இப்போது அங்கே வசிப்பவர். நீண்டகால விசாவைக் காட்டுங்கள். 26 ஆகிவிட்டால் இந்தச் சலுகை இல்லை.

9. பயணச்சீட்டு வாங்கும் முறை

27 வயது வரை உள்ளவர்கள் 49 யூரோ கொடுத்து இளைஞர் சலுகை அட்டை வாங்கினால் ஓராண்டுக்கு அதிவேக ரயில்களில் 30 சதவீதம் குறையும். மூன்று, நான்கு பயணத்திலேயே அட்டையின் விலை திரும்பிவிடும். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் விலை உச்சத்தில் இருக்கும். சனி அதிகாலை புறப்படுவது பாதி விலைக்கு முடிந்திருக்கிறது.

ஒரே ஊரில் இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கலாம். பெல்ஃபோர் நகர நிலையம் ஊருக்குள் இருக்கிறது. பெல்ஃபோர்-மொன்பெலியார் அதிவேக ரயில் நிலையம் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தள்ளி வயல்வெளியில் இருக்கிறது. சீட்டில் உள்ள நிலையப் பெயரைக் கடைசி எழுத்து வரை படியுங்கள். பாரிஸ் என்று விற்கப்படும் மலிவு விமானங்கள் பலவும் 85 கிலோமீட்டர் தள்ளியுள்ள போவேயிலிருந்துதான் புறப்படும். பேருந்துக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மலிவு விமானங்களில் முன்கூட்டியே இணையப் பதிவு செய்யாவிட்டால் சீட்டு விலையைவிட அபராதம் அதிகமாகும். சில நிறுவனங்களில் ஒன்றியக் குடிமக்கள் அல்லாதவர்கள் பாதுகாப்புச் சோதனைக்கு முன் பாஸ்போர்ட்டையும் விசாவையும் மேசையில் காட்டியாக வேண்டும். அதற்கு அரை மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.

பல நாடுகளுக்கான ரயில் பாஸ் வார இறுதிக்குக் கட்டுப்படியாகாது, இரண்டு வார விடுமுறைக்குத்தான் பொருந்தும். ஐரோப்பாவில் வசிப்பவர்கள் வாங்க வேண்டியது இன்டர்ரெயில். யூரெயில் வெளியிலிருந்து வருபவர்களுக்கானது. பிப்ரவரி, ஏப்ரல் பள்ளி விடுமுறைகள் ஏ, பி, சி என்று மண்டலத்துக்கு மண்டலம் மாறும். என் பெசான்சோன் கல்வி மண்டலம் ஏ-வில் வரும். ஸ்திராஸ்பூரில் இருந்த தோழி பி-யில். தேதியைப் பார்க்காமல் இருவரும் சேர்ந்து போகத் திட்டமிட்டு, என் சீட்டு வீணானது.

ஞாயிறு இரவின் கடைசி ரயிலில் திரும்பாதீர்கள். ஜனவரியில் ஒரு ஞாயிறு, முந்தைய ரயில் தாமதமானதால் முலூஸில் இணைப்பைத் தவறவிட்டு, நிலையத்தின் வெளியே குளிரில் விடியும்வரை இருந்தேன். திங்கள் எட்டு மணி வகுப்புக்கு வந்த பதினோரு மாணவர்கள் ஆசிரியர் இல்லாமல் திரும்பிப் போனார்கள். அதன்பின் எப்போதும் கடைசிக்கு முந்தைய ரயில்தான். வேலைநிறுத்த அறிவிப்பு இருக்கிறதா என்று வெள்ளிக்கிழமை மாலையே பார்த்துவிடுங்கள்.

10. திரும்பும் முன்

ஏப்ரல் தொடக்கத்திலேயே வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, காலி செய்யும் நாளில் வீட்டின் நிலையை இருவரும் சேர்ந்து பார்த்துக் கையெழுத்திடும் தாளின் நகலை வாங்குங்கள். வீட்டில் சேதம் இல்லையென்றால் ஒரு மாதத்துக்குள்ளும், இருந்தால் இரண்டு மாதத்துக்குள்ளும் முன்பணம் திரும்ப வேண்டும். அது பிரெஞ்சு வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஆகையால் விமானம் ஏறும் வாரத்தில் கணக்கை மூடிவிடாமல், பணம் வந்து சேர்ந்து அதை இங்குள்ள கணக்குக்கு மாற்றிய பிறகு, மூடும் கடிதத்தைப் பதிவஞ்சலில் அனுப்புங்கள். வருமான வரி விவரத்தையும் அந்த வசந்த காலத்திலேயே தாக்கல் செய்து, ஏழு சம்பளச் சீட்டுகளையும் பணிச் சான்றிதழையும் அசலாகக் கொண்டுவாருங்கள். பிரெஞ்சு ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்த கோவைப் பள்ளி ஒன்றில் என்னிடம் முதலில் கேட்டது அந்தப் பணிச் சான்றிதழைத்தான்.